பூட்டில்லாத அறை

“வெளியே போறப்போ பூட்டிட்டு, சாவியை இந்த ஆணியில மாட்டிட்டுப் போனா போதும். யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகணும்னு இல்ல. வெந்நீர் காலையில மட்டும்தான் வரும்.”

“யாருக்குடா சொல்ற?”

“எல்லாருக்கும் சொல்றதுதான். வாய்ல தானா வந்திருச்சுக்கா.”

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் சாவி அவள் உள்ளங்கையிலேயே கிடந்தது. சாவியில் ஒரு மரத்துண்டு கோத்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை வண்ணத்தில் 4 என்று எழுதியிருந்தது. அதை எழுதியதே அவள்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது. வால் நீண்டுபோய் அது நான்கு மாதிரி இல்லை, கவிழ்ந்த நாற்காலி மாதிரி இருக்கிறது என்று அப்பா கேலி செய்தார். நாற்காலி இன்னும் கவிழ்ந்தேதான் இருந்தது.

அவளுடைய பழைய அறையில் இப்போது அலமாரிகள் போட்டு விரிப்புகளை அடுக்கியிருப்பதாகத் தம்பி சொன்னான். நாலாம் நம்பர்தான் இருப்பதிலேயே நல்ல அறை, காற்று வரும், அவளுக்காகவே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்றான். சொல்லிக்கொண்டே அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்படி வழியாக மாடியேறினான். அக்கா பின்னாலேயே போனாள். அந்தப் படியில் ஏறுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சின்ன வயதில் அதில் ஏறினால் அடி விழும்.

அவர்கள் வீடு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சிறிய தங்கும் விடுதி. கீழே மூன்று, மேலே ஐந்து என்று எட்டு அறைகள். சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் குடும்பம் இருந்தது. அப்பா அம்மாவுக்குப் பிறகு இப்போது தம்பிதான் அதை நடத்துகிறான். விருந்தாளிகளுக்கு முன்வாசல், முன்படி. வீட்டு ஆட்களுக்குச் சந்துப் பக்கம் சமையலறைக் கதவு, பின்படி. விருந்தாளிகளின் அறைக்கு எண்ணும் உண்டு, பூட்டும் உண்டு. வீட்டு ஆட்களின் அறைக்கு இரண்டும் கிடையாது. வேலை அப்படி. போர்வை ஒருவர் அறையில் இருக்கும், பல்பு இன்னொருவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும். யாருக்கு எப்போது எது வேண்டுமோ, கதவைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விருந்தாளிகளுக்குச் சமையலறையில் பெயரும் கிடையாது. மூணு இன்னும் சாப்பிடவில்லை, அஞ்சுக்குத் தலையணை மெல்லிசாக இருக்கிறதாம், ஏழு காலையிலேயே கிளம்புகிறது என்றுதான் பேச்சு ஓடும். ‘எங்கள் வீட்டில் ஆறுக்கு மீசை உண்டு, எட்டு எப்போதும் அழும்’ என்று அக்கா ஒரு தடவை பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிவைத்து, ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தது பல வருஷத்துக்குச் சிரிப்பாக ஓடியது.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் அக்காவுக்குத் தன் அறைக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. புத்தகத்தில் முகம் புதைத்திருக்கும்போது யாராவது உள்ளே வந்து தலைக்கு மேலே கையை நீட்டித் துண்டு எடுப்பார்கள். அழும்போது வந்து பக்கெட் எடுப்பார்கள். கேட்டால், பூட்டெல்லாம் வாடகை கொடுக்கிறவர்களுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். அவளே கடைக்குப் போய் ஒரு கொண்டியும் பூட்டும் வாங்கிவந்து, கதவில் திருகாணி போட்டு முடுக்கி, பூட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து ஒரு விருந்தாளிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கம்பளிகள் அத்தனையும் அவள் அறையில். அவள் திரும்பிவந்தபோது அம்மா அந்தப் பூட்டின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திட்டவில்லை. சாவியை மட்டும் கேட்டாள். மறுநாள் அப்பா கொண்டியைக் கழற்றி எறிந்தார்.

என்றைக்காவது பூட்டிக்கொள்ள ஒரு அறை இருக்கும் இடத்துக்குப் போய்விடுவேன் என்று அக்கா அன்றைக்குத் தம்பியிடம் சொன்னாள். அப்படியே போய்விட்டாள். தொலைதூரத்தில் ஒரு பெரிய நகரம், அங்கே ஒரு பெரிய ஓட்டல். மாடி மாடியாக அறைகள், எல்லாம் பிளாஸ்டிக் அட்டையைக் காட்டினால் திறக்கிறவை. விரிப்பு மாற்றுகிற பெண்ணாகச் சேர்ந்து, பிறகு அந்தப் பெண்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆனாள். கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். ஓட்டலில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘எங்கஊர்ல.’ வாயைத் திறந்தாலே எங்க ஊர்ல மழைன்னா இப்படி இருக்காது, எங்க ஊர்ல தலையணை உறையை இப்படி மடிக்கமாட்டோம் என்று தொடங்குவாளாம். ‘எங்கஊர்ல வருது, சீக்கிரம் வேலையைப் பாருங்கடி’ என்று பெண்கள் கிசுகிசுப்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளூரப் பெருமைதான்.

கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆயின. பையனுக்கும் கல்யாணமாகிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுவதாக ஓட்டலில் சொல்லிவிட்டுத்தான் அக்கா இப்போது வந்திருந்தாள். இனி ஊரோடு இருந்துவிடப் போகிறாள். இது பையனுக்கு மட்டும்தான் தெரியும். ரயிலேற்ற வந்தபோது, மாமாவிடம் கேட்டாயிற்றா என்று அவன் கேட்டான்.

“நம்ம வீட்டுக்குப் போறதுக்கு என்னடா கேக்குறது?”

பையன் பெட்டியை மேலே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்தான். “இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடும்மா,” என்றான்.

ஒரு வார்த்தைதான். ரயிலில் வரும்போது அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. முன்படியில் ஏறிய பிறகு அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மறுநாள் காலை கீழேயிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. “நாலு எழுந்தாச்சா பாருங்க, டீ ஆறிப்போகுது.” கட்டிலில் படுத்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், யாரோ சோம்பேறி நாலு. அப்புறம் மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தாள்.

தம்பி மனைவி நல்லவள். அக்கா ஊரைவிட்டுப் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். மாமியாரிடம் பழகிய வேலையை மாமியாரைவிட வேகமாகச் செய்கிறவள். அக்கா சமையலறைக்குள் நுழைந்து ஒரு தட்டை எடுத்தால்கூட, “விடுங்க அண்ணி, அங்கேயும் இதே வேலை, இங்க வந்துமா,” என்று வாங்கிவிடுவாள். காலைச் சாப்பாட்டை முன்கூடத்தில், விருந்தாளிகளோடு, மடித்து வைத்த கைத்துணியோடு வைத்தாள். அக்கா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, தண்ணீர் இவ்வளவு உப்பாக இருக்கிறதே, எங்க ஊர்ல இப்படி இருக்காது என்றாள்.

“எந்த ஊர்லக்கா?” என்றான் தம்பி, கவுண்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கூடமே சிரித்தது. அக்காவும்தான். மீதி ரொட்டியைக் கைத்துணியில் மடித்துவைத்தாள்.

பக்கத்து மேசையில் இரண்டாம் நம்பர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை லென்ஸ்காரர் என்பார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிற மைக்ராஸ்கோப்புகளைப் பழுது பார்க்கிறவர். விடுமுறைக் காலத்தில் வந்து, ஒரு மாதம்போலத் தங்கி, இந்த ஊர் வேலையை முடித்துக்கொண்டு போவார். நறுவிசான மனிதர். அவர் அக்காவின் பக்கம் சாய்ந்து, நீங்கள் இங்கே புதுசா என்று கேட்டார். அவள் பதில் யோசிப்பதற்குள், தான் வருஷா வருஷம் வருவதாகவும், மாடிக் குழாயை இறுக்கி மூடவில்லையென்றால் ராத்திரியெல்லாம் சொட்டும் என்றும், எது வேண்டுமானாலும் தன்னிடம் கேட்கலாம் என்றும் சொன்னார். அக்கா நன்றி சொன்னாள். அந்தக் குழாய் முதல்முதலில் எந்த வருஷம் சொட்டத் தொடங்கியது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

தெருவில் இறங்கி நடந்தாள். ஊர் அவள் பயந்த அளவு மாறவில்லை. அதுவே ஒருவிதத்தில் கஷ்டமாக இருந்தது. மாறியிருந்தால் ஊரின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். மருந்துக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். தையற்கடைக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் ஒரே மூச்சில் கேட்டார்கள்: எப்ப வந்தே, எப்பக் கிளம்புறே. ஊரில் இருக்கிறவர்களை யாரும் இந்த இரண்டையும் கேட்பதில்லை. மருந்துக்கடைக்காரரிடம், கிளம்பவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் தம்பியிடம் சொல்ல வேண்டுமே.

அந்த வாரம் முழுக்கச் சொல்ல முடியவில்லை. தம்பியைத் தனியாகப் பிடிப்பதே பாடாக இருந்தது. பிடித்தாலும், ஏதாவது வேணுமாக்கா என்று அவன் கேட்கிற விதத்தில், சோப்பு வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறது. கை வேலையாக இருக்கும்போது கேட்டால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். அம்மாவிடம் எதையும் அப்படித்தான் கேட்பார்கள், இரண்டு பேருமாக விரிப்பு மடிக்கிறபோது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முனையைப் பார்த்தால் போதும்.

அப்படி ஒரு நாள் வாய்த்தது. வாய்த்தது என்றுதான் அவள் நினைத்தாள். விரிப்பு மாற்றுகிற பெண் வரவில்லை. மதிய ரயிலில் ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. தம்பி அவர்களைக் கூட்டிவர நிலையத்துக்குப் போயிருந்தான். தம்பி மனைவி சமையலறையில் ஒரே ஆளாகத் திணறிக்கொண்டிருந்தாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாவிப்பலகையின் முன்னால் போய் நின்றாள்.

அந்தப் பலகைக்கு ஒரு பாஷை உண்டு. விருந்தாளி வெளியே போகும்போது சாவியை மாட்டினால் எண் வெளியே தெரியும். அவர் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டால் அம்மா மரத்துண்டை எண் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவிடுவாள். முகம் திரும்பிய சாவி என்றால் அறை காலி, விரிப்பை எடு என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் பலகையைப் பார்ப்பார்கள். யாரும் ஏவ வேண்டியதில்லை. அன்றைக்குப் பலகையில் ஒரே ஒரு சாவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆணியில். லென்ஸ்காரர் சொல்லாமல்கூடக் கிளம்பிவிட்டாரே என்று அக்கா நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு பின்படி வழியாகப் போனாள்.

இரண்டு கீழ்த்தளம்தான். ஆனால் சமையலறையைச் சுற்றிப் பின்படியின் முதல் மூன்று கட்டைகள் ஏறி, இடப்பக்கக் கதவு வழியாகத்தான் வீட்டு ஆட்கள் அந்த நடைக்குப் போவார்கள். இருட்டில் அவள் கால் தானாகவே உயரம் குறைந்த அந்த இரண்டாவது கட்டையைச் சுதாரித்துக்கொண்டது. இத்தனை நாளில் முதல்தடவையாக அக்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று தோன்றியது.

அறையில் திரை இழுத்து மூடியிருந்தது. மேசை துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. கட்டிலில் விரிப்பு பாதி மடிந்து நடுவில் குவிந்து கிடந்தது, அவசரமாக எழுந்துபோகிறவர்கள் விட்டுப்போவதுபோல. அக்கா யோசிக்கவேயில்லை. கை யோசிக்கவிடவில்லை. நான்கு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து, முழங்கையால் ஜன்னலைத் தள்ளி, வெளியே வீசி, ஒரே உதறு உதறினாள். அம்மா உதறுவதுபோல, துணி காற்றில் சவுக்காகச் சொடுக்கிற மாதிரி.

மழை பிடிப்பதற்கு முன்னால் தகரத்தில் விழுகிற துளிகள்போலக் கொல்லையில் ஒரு சத்தம் கேட்டது. சிறிய, சுத்தமான சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாக ஒன்று தனியாக உருண்டுபோனது.

லென்ஸ்காரர் எங்கேயும் போகவில்லை. சாப்பிடப் போயிருந்தார். ஒரு கல்லூரியின் மைக்ராஸ்கோப்பைப் பிரித்து, அதன் திருகாணிகளையும் கண்ணாடிகளையும் வரிசையாக விரிப்பின்மேல் பரப்பிவைத்திருந்தார். மேசையில் வைத்தால் உருண்டு பலகை இடுக்கில் போய்விடும். வெள்ளைத் துணியில் வைத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தூசி படாமல் விரிப்பின் மறுபாதியை அதன்மேல் மூடிவிட்டுப் போயிருந்தார். இந்த வீட்டில் அவருடைய அறைக்குள் அவர் சொல்லாமல் யாரும் போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் திரும்பிவந்து, ஜன்னலைப் பார்த்து, வெறும் கட்டிலைப் பார்த்து, கையில் மடித்த விரிப்போடு நின்ற அக்காவைப் பார்த்தார். கத்தவில்லை. அதில ஒரு லென்ஸ் இப்பக் கிடைக்காதுங்க என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

எல்லோரும் கொல்லையில் மண்டியிட்டார்கள். ரயிலிலிருந்து வந்த குடும்பம் முன்கூடத்தில் பெட்டிகளோடு காத்திருக்க, தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையோடு கன்னம் வைத்துப் பார்த்தான். லென்ஸ்காரர் ஒரு பூதக்கண்ணாடியால் ஓரங்களைத் தேடினார். அக்கா தேடவில்லை, நேராகப் போனாள். கொல்லையில் எது விழுந்தாலும் உருண்டு சாக்கடை மூலைக்குத்தான் போகும். கோலிக்குண்டு, பொத்தான், அம்மாவின் மோதிரம், எல்லாம் அங்கேதான் கிடைத்திருக்கின்றன. அந்த மூலையில் அவள் விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

“அங்க இல்லங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி எதிர்ப்பக்கத்திலிருந்து, மெதுவாக. “தரையை மாத்திப் போட்டாச்சு. தண்ணி இப்ப இந்தப் பக்கம்தான் ஓடும்.” அவள் முன்னால் திருகாணிகள் மினுங்கிக்கொண்டிருந்தன.

அநேகமாக எல்லாம் கிடைத்தன. பெரிய லென்ஸும் கிடைத்தது, ஓரம் சிதைந்து. லென்ஸ்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது. இந்த வீட்டில் இப்படி நடக்கும் என்று தான் நினைக்கவேயில்லை என்றார். அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் ஏதோ சொன்னார். தம்பி அவரைத் தோளில் கைவைத்து ஓரமாகக் கூட்டிப்போனான். ஓரம் என்றாலும் கொல்லை சின்னதுதான்.

“மன்னிச்சுக்கங்க சார். அவங்க நம்ம வீட்டு ஆள் இல்ல. தங்க வந்தவங்க. ஏதோ உதவி செய்றதா நினைச்சு செஞ்சுட்டாங்க. வீட்டு ஆளா இருந்தா இப்படி நடந்தே இருக்காது.”

அது வேலை செய்தது. லென்ஸ்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் குறைந்து, தெரியாதவர்கள்மேல் காட்டுகிற பெருந்தன்மை வந்திருந்தது. பரவாயில்லைங்க, புதுசா வந்தவங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அக்கா தலையாட்டினாள். ஒரு திருகாணி இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. எழுந்துபோய் அதை அவரிடம் கொடுத்தாள்.

பிறகு தம்பி மனைவிதான் வந்து விளக்கினாள். முன்பு ஒருவன் கவுண்டரில் நின்று பலகையைப் பார்த்தே எந்த அறையில் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு, மாடியேறித் திருடிவிட்டானாம். அதிலிருந்து எல்லாம் தலைகீழ். ஆள் வெளியே போனால் எண் சுவர்ப்பக்கம். காலி அறை என்றால் எண் வெளியே. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “என் தப்புதான் அண்ணி. வீட்டு ஆளாச்சே, தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

விருந்தாளிக்கு அது தெரியவேண்டியதில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இதில் யாரைக் குறைசொல்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

மாலையில் பையன் போன் செய்தான். கேட்டாயிற்றா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றாள். அவன் கொஞ்சம் தயங்கி, ஓட்டலில் அவளுக்குப் பதிலாக இன்னும் ஆள் எடுக்கவில்லையாம், அவள் திரும்பிவந்தால் சந்தோஷப்படுவார்களாம், விசாரித்தேன் என்றான். உன்னை யாருடா விசாரிக்கச் சொன்னது என்று கேட்டாள். போனுக்குப் பின்னால் அந்த நகரத்துப் பேருந்து நிற்கிற சத்தம், கதவு திறக்கிற பெருமூச்சு, எல்லாம் கேட்டது. எந்த நிறுத்தம் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்ல முடிந்ததுதான் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் அவள் ஓட்டலுக்கே திரும்பிவிடுவதென்று டிக்கெட் எடுத்தாள். கிளம்புகிற நாள் காலையில் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கீழே இறங்கி, சமையலறையைத் தாண்டி, தன்னுடைய பழைய அறைக்குப் போனாள். வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. கதவு சாத்தியிருந்தது, தள்ளினால் திறந்துகொண்டது. நிலையில் கொண்டி போட்ட இடத்தில் நான்கு ஓட்டைகளையும் யாரோ மாவு வைத்து அடைத்து, மேலே வண்ணமும் பூசியிருந்தார்கள். விரலால் தடவினால் மட்டும் தெரியும். உள்ளே கூரைவரை விரிப்புகள், துண்டுகள், உறைகள். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை. ஜன்னலோரம், அவள் கட்டில் இருந்த இடத்தில், ஒரு இஸ்திரி மேசை. அதை எதிர்ச் சுவரோரம் தள்ளினால் ஒரு ஒடுக்கமான கட்டில் போடலாம் என்று அவள் கண் அளந்தது.

பின்னால் காலடி கேட்டது. தம்பி புது விரிப்பு எடுக்க வேகமாக வந்தவன், அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அப்புறம், திறந்து கிடந்த அந்தக் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான்.

“வரலாமாக்கா?”

அந்த அறைக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை. ஒரு காலத்தில் அவள் எவ்வளவு ஏங்கிய சத்தம் அது. அக்கா அலமாரியிலிருந்து மடிக்காமல் கிடந்த ஒரு விரிப்பை எடுத்து, அதன் இரண்டு முனைகளை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். இழுத்துப் பிடித்தார்கள். அவள் வலப்பக்கம் மடித்தாள், அவன் இடப்பக்கம். துணி முறுக்கிக்கொண்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் தன் முனையை விட்டுக்கொடுத்து அவன் மடிக்கிறபடியே மடித்தாள்.

“அன்னிக்கு நான் சொன்னது,” என்றான் தம்பி, துணியைப் பார்த்துக்கொண்டு. “அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரோன்னு சொன்னதுக்கா. மனசுல வெச்சுக்காதே.”

“சரியாத்தான் சொன்னே.”

அக்கா இன்னொரு விரிப்பை எடுத்தாள். அதையும் பிடித்தார்கள். அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒரு தடவை அவள் வந்திருந்தாள், அப்போது அம்மாவுக்கு ஆட்கள் மறந்துபோகத் தொடங்கியிருந்தது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்து, மரியாதையாகப் புன்னகைத்து, எந்த ரூம்ங்க என்று கேட்டாள். அன்றைக்குத் தம்பிதான் தேற்றினான், என்னையும் அப்படித்தான் கேட்கிறாங்க என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை வருஷத்தை ஓட்டினாள்.

“ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அம்மா உன்னையும் எந்த ரூம்னு கேட்டாங்களா?”

தம்பி விரிப்பின் ஓரத்தை நீவி நீவிவிட்டான். முன்பக்கம் மணி அடித்தது. யாரோ சாவியைத் திருப்பிக் கொடுக்க நிற்கிறார்கள்.

“இல்லக்கா,” என்றான். “என்னைப் பார்த்தா வேலைதான் சொல்லுவாங்க. அஞ்சுக்குப் பல்பு போடு, எட்டுக்குப் போர்வை கொடுன்னு. கடைசிவரைக்கும் அதான்.”

விரிப்பை மடிக்க இருவரும் ஒரு எட்டு முன்னால் வந்தார்கள். பிறகு இன்னொரு எட்டு. முனையோடு முனை சேர்ந்தபோது அவன் விரல்கள் அவள் விரல்கள்மேல் இருந்தன. மணி மறுபடியும் அடித்தது. அவன் முன்பக்கம் திரும்பினான். அடுத்த தடவை வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடு, நாலையே எடுத்து வைக்கிறேன் என்றான்.

அக்கா விரிப்பை விடவில்லை.

“நாலு வேணாம்டா,” என்றாள். “இந்த இஸ்திரி மேசையை அந்தப் பக்கம் தள்ளிட்டு, இங்க எனக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுப்பியா?”